இரண்டாவது ஆளின் மூச்சு

சைமன் போஸ்ஃபோர்டுக்கு முதல் ஆல்பங்கள் இரண்டு. 1995-ல் ‘ஹலூசினோஜென்’ என்ற பெயரில் தனியாளாக வெளியிட்ட ‘ட்விஸ்டட்’ ஒன்று. 1998-ல் ராஜா ராம் என்கிற புல்லாங்குழல்காரரோடு ‘ஷ்பாங்கிள்’ என்ற பெயரில் சேர்ந்து வெளியிட்ட ‘ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?’ இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மூன்றே வருஷம். ஆங்கிலேய ஸ்டுடியோக்காரர் ஒருவரின் ஒரே கையிலிருந்து, ஒரே காதிலிருந்து வந்தவைதான் இரண்டும். ஆனால் முதலாவதைக் கேட்டு முடித்த கையோடு இரண்டாவதைப் போட்டால், ரயிலை விட்டு இறங்கித் தோணியில் ஏறியதுபோல இருக்கும்.

இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். எனக்குள் ஓடுகிற கேள்வி எளிமையானது. முழு வேலையையும் இயந்திரமே செய்கிற ஓர் இசையில் இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை? இரட்டை நாயனத்தில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைப் பிடித்துக்கொள்வார். அங்கே இன்னொரு ஆள் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சிந்தசைசருக்கு மூச்சு வாங்காது. ஒரு சுரத்தை அழுத்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தாலும் அது அப்படியே ஒலித்துக்கொண்டிருக்கும். அப்படியிருந்தும் சைட்ரான்ஸ் என்னும் இவ்விசையில் இரட்டையர்கள் ஏராளம். லண்டனில், இஸ்ரேலின் ஹைஃபாவில், ஜப்பானியர் ஒருவரும் ஆங்கிலேயர் ஒருவருமாக என்று எங்கு பார்த்தாலும் இருவர் இருவராகவே கிளம்பியிருக்கிறார்கள். இதற்கு விடை தேட போஸ்ஃபோர்டின் இவ்விரு ஆல்பங்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஆள் முதலில் தனியாகவும் பிறகு துணையோடும் செய்தவை என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் துணைக்கு வந்தவரின் கணக்கில் எழுதலாம்.

ஆல்பங்களுக்குப் போகுமுன் கோவாவுக்குப் போக வேண்டும். இந்த இசையின் உருவம் தீர்மானமானது அங்கேதான்.

1970-களில் அஞ்சுனா கடற்கரையில் தங்கிவிட்ட வெள்ளைக்கார ஹிப்பிகள் நிலா வெளிச்சத்தில் கேட்டு ஆடியது ராக் இசை. 1980-களின் தொடக்கத்தில் அந்த ரசனை மாறியது. லாரன், ஃப்ரெட் டிஸ்கோ போன்ற டிஜேக்கள் ஐரோப்பிய மின்னணு நடனப் பாடல்களைக் கேசட்டில் கொண்டுவந்து, பாட்டுக் குரல் வருகிற இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, வாத்தியப் பகுதிகளை மட்டும் ஒட்டிப் போட்டார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்து 2023-ல் மறையும்வரை இந்த மரபின் அடையாளமாகவே வாழ்ந்த கோவா கில் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஐரோப்பிய கிளப்களில் புழங்கிய வினைல் தட்டு இந்தக் கடற்கரைக்கு ஒத்துவரவில்லை. வெயிலில் வளையும், மணல் ஏறிக் கீறும், தூக்கிவரவும் கனம். 1987-ல் சோனி நிறுவனம் ‘டாட்’ என்ற டிஜிட்டல் கேசட்டைக் கொண்டுவந்ததும் கோவா டிஜேக்கள் அதற்கு மாறினார்கள். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் கேசட்டில் ஒலி சுத்தமாக இருக்கும்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. வினைலைப் போல விரலால் தள்ளியும் பிடித்தும் வேகத்தைச் சரிசெய்ய வழியில்லை. ஒரு பாடலின் தாளத்தோடு அடுத்ததன் தாளத்தைப் பொருத்தி ஒட்டுப் போடுவது பெரும்பாடு. ஆகவே பாடல்களே அதற்கேற்ற உருவம் எடுத்தன. தொடக்கத்தில் தாளமில்லாத நீண்ட முகப்பு ஒன்று இருக்கும், முடிவிலும் தாளம் அடங்கி ஒலி மட்டும் கரையும். ஒரு பாடலின் வாலை அடுத்ததன் தலையில் படரவிட்டால் போதும், தாளம் முட்டிக்கொள்ளாது. பல பேர் ஆன்மிக உத்தி என்று நினைக்கிற அந்த மிதக்கும் முகப்பில் பாதிக்காவது இந்தக் கேசட்டுப் பெட்டிதான் காரணம். அதைச் சொல்வதால் இசையின் மதிப்பு குறைந்துவிடாது. கோயில் வாத்தியம் உரக்க ஒலிப்பதற்குத் திறந்த வீதி காரணம் என்று சொல்வது எப்படி நாதசுரத்தைக் குறைப்பதாகாதோ அப்படி.

‘ட்விஸ்டட்’ இந்த அச்சில் வார்த்த ஆல்பம். போஸ்ஃபோர்டுக்கு அப்போது வயது இருபத்து நான்கை ஒட்டித்தான் இருக்கும். ‘கில்லிங் ஜோக்’ இசைக்குழுவின் பேஸ் வாசிப்பாளரான யூத் நடத்திய ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளராக வேலை பார்த்தவர் அவர். மற்றவர்களின் இசையைப் பதிவுசெய்து பதிவுசெய்து தேர்ந்த கை, யூத்தின் டிராகன்ஃப்ளை நிறுவனத்துக்காகவே ஆல்பத்தைச் செய்தது. மொத்தம் எட்டுப் பாடல்கள். முதல் பாடலின் பெயர் ‘எல்எஸ்டி’. ‘ஆல்ஃபா சென்டாரி’யோடு சேர்ந்து 1994-லேயே சிறு தட்டாக வெளியானது.

இந்த வகை இசையின் அடித்தளத்தை ஒரு முறை கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு அடியை நான்கு மாத்திரையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நம் சதுஸ்ர நடைபோல. முதல் மாத்திரையில் கிக் டிரம் விழும். அடுத்த மூன்று மாத்திரைகளிலும், பாடலுக்குப் பாடல் சிறு மாற்றங்களோடு, பேஸ் ஒலி நிரம்பும். பெரும்பாலும் ஒரே சுரம்தான். நிமிடத்துக்கு 140 அடி என்று வைத்தால் எட்டு நிமிடப் பாடலில் கிக் ஆயிரத்து நூறு தடவைக்கு மேல் விழுகிறது. இரண்டு மாத்திரைக்கு நடுவே இருப்பது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டிய இடைவெளி. அந்த இடைவெளியில் கிக்கின் வால் அடங்கி பேஸ் பிறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இரண்டும் குழைந்து சேறாகிவிடும். போஸ்ஃபோர்டின் திறமை முதலில் தெரிவது இங்கேதான். அவர் போட்ட அடித்தளத்தில் ஒவ்வொரு ஒலியும் துடைத்து வைத்த பித்தளைப் பாத்திரம்போலத் தனித்தனியே மின்னும்.

அதற்கு மேலே ஊர்வதுதான் ‘ஆசிட்’ ஒலி. ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ‘டிபி-303’ என்றொரு சிறு பெட்டியைச் செய்தது. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரருக்கு பேஸ் துணையாக இருக்கட்டும் என்பது எண்ணம். அது உண்மையான பேஸ் கிடாரைப் போல ஒலிக்கவே இல்லை. வாங்க ஆளில்லாமல் 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியின் திருகுகளை சிகாகோ இளைஞர்கள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகிப் பார்த்தார்கள். ஒலி நெளிந்தது, குழறியது, விசும்பியது. 1987-ல் ‘ஃபியூச்சர்’ குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்து ஒரு வகைமையே பிறந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் இதே பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவுசெய்திருந்தார். அன்று யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2010-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் வியந்தது. அந்தத் தட்டு தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே இந்த அளவோடு விட்டுவிடுகிறேன்.

‘ட்விஸ்டட்’ அந்த நெளியும் ஒலியை ஓர் எல்லைக்குக் கொண்டுபோனது. ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேலுள்ள ஒலிவடிகட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார். சுரம் மாறாது, சுரத்தின் நிறம் மாறும். கதவிடுக்கில் விழுகிற வெளிச்சம் கதவு திறக்கத் திறக்க அகலுவதுபோல. பத்து இழைகள் ஒரே நேரத்தில் ஓடும், ஒன்றை இன்னொன்று மறைக்காது. சைட்ரான்ஸின் கோவா வடிவமான கோவா டிரான்ஸின் உச்சிகளில் இந்த ஆல்பத்துக்கு இன்றுவரை இடம் கொடுக்கிறார்கள். நானும் கொடுப்பேன்.

இருந்தாலும் அதைக் கேட்கக் கேட்க ஒன்று உறைக்கும். அதில் ஆளே இல்லை. மனிதக் குரல் வருகிற இடங்களில்கூட அது எங்கோ யாரோ பேசிப் பதிவானதிலிருந்து வெட்டியெடுத்த துணுக்காக வருகிறது. பேசுகிறவர் அறைக்குள் இல்லை. எங்கும் களைப்பு இல்லை, தயக்கம் இல்லை. ஒரு சொற்றொடர் முடிந்து அடுத்தது தொடங்குமுன் நாம் இயல்பாக எடுக்கிற அந்தச் சிறு இடைவெளி இல்லை. விடியும்வரை ஆடப்போகிற ஆயிரம் பேருக்கு இது குறையே ஆகாது, அவர்கள் மூச்சு வாங்குவதே இசைக்குப் போதும். கடற்கரையில் பாய் விரித்து, காடா விளக்கு வைத்து, விடியவிடிய டீ விற்ற உள்ளூர்ப் பெண்கள் அந்தக் கூட்டங்களின் நிரந்தரக் காட்சி. ஆடிக் களைத்தவர் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்துகொள்வார். ‘ட்விஸ்டட்’டுக்குள் அப்படி உட்கார ஒரு பாய் கிடையாது.

இங்கேதான் ராஜா ராம் வருகிறார். இயற்பெயர் ரொனால்ட் ராத்ஃபீல்ட், 1940-ல் பிறந்த மெல்போர்ன்காரர். 1969-ல் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் உருவான ‘க்வின்டசென்ஸ்’ என்ற குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர். ஜாஸும் ராக்கும் இந்திய பக்திப் பாடலும் கலந்த குழு அது, ராஜா ராம் என்ற பெயரும் அந்தக் காலத்தில் ஒட்டியதுதான். பிற்பாடு மின்னணு இசைக்கு வந்து, 1994-ல் ‘டிப்’ என்ற இசை நிறுவனத்தை நண்பர்களோடு தொடங்கினார். அவருக்கும் போஸ்ஃபோர்டுக்கும் முப்பது வயசு வித்தியாசம். அப்பா பிள்ளை வயசு. ‘ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?’ வரும்போது இவருக்கு ஐம்பத்தேழு. மின்னணு இசையில் ஆல்பம் போடுகிற வயசு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இருவருக்கும் இடையே வேலைப் பங்கீடு தெளிவானது. ஸ்டுடியோவின் பொத்தான்கள் எல்லாம் போஸ்ஃபோர்டின் பொறுப்பு. சிந்தசைசர், கிடார், நிரலாக்கம், கலவை எல்லாம் அவர் கை. ராஜா ராம் கொண்டுவருவது இரண்டே இரண்டு: புல்லாங்குழலும் கற்பனையும். ஒரு காட்சியைச் சொல்வார், ஒரு கனவைச் சொல்வார், ஒரு வினோதச் சொல்லைச் சொல்வார். ‘ஷ்பாங்கிள்’ என்பதே அவர் வாயில் பிறந்த சொல்தான். மனசு நிறைந்து பொங்குகிற நிலைகளையெல்லாம் ஒரே குடையில் பிடிக்க அவர் வைத்துக்கொண்ட பெயர். அந்தச் சொல் ஆல்பத்தின் தலைப்பில் கேள்வியாக வருவதை நான் தற்செயலாகப் பார்ப்பதில்லை. ‘ட்விஸ்டட்’ என்பது முறுகிக் கிடக்கிற ஒரு நிலையின் பெயர், அதைச் சொல்ல எதிரே யாரும் வேண்டாம். ‘ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?’ என்பது எதிரே இருப்பவரைப் பார்த்துக் கேட்பது. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டாலே அறையில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும்.

அவர்கள் சேர்ந்து செய்து முதலில் வெளிவந்தது ‘வேப்பர் ரூமர்ஸ்’, 1996-ல், ‘டிப்’ நிறுவனத்தின் தொகுப்பு ஒன்றில். அடுத்த இரண்டு வருஷத்தில் ஆல்பம் திரண்டது. மொத்தம் ஏழு பாடல்கள். போஸ்ஃபோர்டும் ஒரு நண்பரும் தொடங்கியிருந்த நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘ட்விஸ்டட்’. பழைய வீட்டின் பெயரைப் புது வீட்டு வாசலில் எழுதி வைத்த மாதிரி.

இரண்டாவது ஆள் என்ன செய்தார் என்பதற்கு முதல் பதிலைப் புல்லாங்குழலே சொல்லிவிடுகிறது. ஷ்பாங்கிளின் குழல் மேற்கத்திய உலோகக் குழல், நம் மூங்கில் அல்ல. கர்நாடகப் புல்லாங்குழல் மேதை மாலி வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் வாசிப்பில் பெரிய வித்தை எதுவும் தெரியாது. ராஜா ராமின் பலமும் விரல் வேகமல்ல. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குழல் வருகிற இடத்தில் காதைக் குவித்தால், சுரத்துக்கு முன்னால் ஒரு ‘ஃப்’ கேட்கும். உதட்டிலிருந்து கிளம்பிய காற்று குழலின் விளிம்பில் மோதிச் சுரமாக ஆவதற்கு முன் இருக்கிற நிலை அது. பிறகு சுரம். பிறகு அது மெலிந்து நின்றுவிடுகிறது, வாசிப்பவருக்கு மூச்சு வேண்டும். எந்தக் குழல்காரரும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தத்தான் வேண்டும். அந்த நிறுத்தம் போஸ்ஃபோர்டின் இசைக்குள் அதற்கு முன் வந்திராத ஒன்று. நிறுத்தம் வந்ததும் அவருக்கு வேலை வந்துவிட்டது. குழல் விட்ட இடத்தை எதிரொலியால் நிரப்புகிறார், அதே சொற்றொடரைத் திருப்பிப் போடுகிறார், துண்டாக்கித் தூவுகிறார், சில சமயம் ஒன்றும் செய்யாமல் சும்மா விடுகிறார். எனக்கு மிகவும் பிடித்தது சும்மா விடுகிற இடங்கள்தான். ‘ட்விஸ்டட்’ காலத்துப் போஸ்ஃபோர்டு அப்படி ஓர் இடத்தைச் சும்மா விட்டிருக்க மாட்டார், பத்து இழைகளைக் கொண்டுவந்து அடைத்திருப்பார்.

இந்த மூச்சிலிருந்தே மற்ற மாற்றங்களும் வருகின்றன. வேகம் இறங்குகிறது. கிக் டிரம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதில்லை, சில சமயம் முழுப் பகுதிகளுக்கு வருவதே இல்லை. அதே வகை நெளியும் ஒலிகள் இங்கேயும் உண்டு, ஆனால் அவை ஓட்டமாக ஓடுவதில்லை, குழலைச் சுற்றிக் கொடிபோலப் படர்கின்றன. டாட் கேசட்டில் ஒட்டுப் போட வேண்டிய கட்டாயம் போனதால் முகப்பும் முடிவும் வெறும் இணைப்புக் கொக்கிகளாக இல்லாமல் பாடலின் உடம்பாகவே ஆகிவிட்டன. இது விடியவிடிய ஆடுவதற்கான இசை அல்ல. ஆடி முடித்தவர் உட்கார்ந்து கேட்பதற்கானது. அந்த டீக்கடைப் பாய்க்கான இசை என்று எனக்குத் தோன்றும்.

வேகத்தைக் குறைத்ததுதான் வித்தியாசம், மூச்சு கீச்சு என்று பெரிதாகப் பேச வேண்டாம் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதைச் சோதித்துப் பார்க்க நல்வாய்ப்பாக ஒரு தட்டே இருக்கிறது. 2002-ல் ஆட் என்ற ஆங்கிலேய ஒலிக்கலைஞர் ஹலூசினோஜெனின் சில பாடல்களை எடுத்து, வேகத்தைத் தணித்து, ஜமைக்காவின் டப் பாணியில் மறுவார்ப்பு செய்தார். ‘இன் டப்’ என்று பெயர். ‘ட்விஸ்டட்’டின் கடைசிப் பாடலான ‘சோல்ஸ்டிஸ்’ அதில் உண்டு. அருமையான தட்டு. மெதுவானது, விசாலமானது, எதிரொலி நிறைந்தது. ஆனாலும் அது ஷ்பாங்கிள் ஆகிவிடவில்லை. வேகம் குறைந்த பிறகும் அந்த இழைகள் மூச்சு வாங்காத இழைகளாகவே இருக்கின்றன. பெரிய காலி மண்டபத்தில் ஓர் இயந்திரம் நிதானமாக ஓடுகிற அழகு அது. ஷ்பாங்கிளில் அந்த மண்டபத்துக்குள் ஒரு கிழவர் வந்து தூணோரம் உட்கார்ந்திருக்கிறார்.

இரட்டையர் என்றாலே இப்படி ஆகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இஸ்ரேலின் ‘இன்ஃபெக்டட் மஷ்ரூம்’ எதிர்ச்சான்று. அமித் டுவ்தேவனி, எரெஸ் ஐசன் என்ற ஹைஃபாக்காரர்கள் இருவரும் சின்ன வயசிலேயே மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்றவர்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் ‘தி கேதரிங்’ 1999-ல் வந்தது. கூர்மையான, துடிப்பான தட்டு. ஆனால் கேட்டால் இரண்டு பேர் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. இருவர் கையிலும் ஒரே வித்தை, இருவர் மனசிலும் ஒரே இலக்கு. இரட்டை மாடு பூட்டிய வண்டி வேகமாகப் போகும், ஆனால் ஒரே தடத்தில்தான் போகும். அடுத்த வருஷத்து ‘கிளாசிக்கல் மஷ்ரூ’மில்தான் அந்தப் பியானோப் பயிற்சி வெளிப்படையாகத் தலைகாட்டியது.

ஜப்பானியத் தொடர்பைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. டோக்கியோவில் தேர்ந்து லண்டனுக்கு வந்த சுயோஷி சுசூகி என்ற டிஜே 1994-ல் அங்கே ‘மட்சுரி புரொடக்ஷன்ஸ்’ நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். மட்சுரி என்றால் ஜப்பானிய மொழியில் திருவிழா. ஆங்கிலேயரான நிக் டெய்லரோடு அவர் அமைத்த இசைக்கூட்டு 1996-ல் ‘சைக்ளோன்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ‘ட்விஸ்டட்’டுக்கும் ‘ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?’டுக்கும் நடுவே வந்த தட்டு. இங்கே இரண்டாவது ஆளின் வேலை வேறு விதம். சுசூகி ஆடுகளத்தை அறிந்தவர். இரவு மூன்று மணிக்கு ஒரு கூட்டம் எதற்கு ஏங்கும், விடியலில் எதைத் தாங்கும் என்பது டிஜேக்கு உடம்பில் ஊறிய அறிவு. ஸ்டுடியோக்காரர் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்க, டிஜே ஆடப்போகிறவரின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே அந்த இசை ‘ட்விஸ்டட்’டைவிடத் தரையோடு ஒட்டியது, அலங்காரம் குறைந்தது, கூட்டத்தின் ஓட்டத்தை மதிப்பது. போஸ்ஃபோர்டு ஒரு சிற்பத்தைச் சுற்றிக்காட்டுகிறார் என்றால் இவர்கள் சாலை போடுகிறார்கள். இவ்விருவர் தங்கள் கூட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘பிராணா’. நம் பிராணன்தான், மூச்சுதான். 1990-களின் லண்டனில் இந்த இசையைச் செய்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் மூச்சைத் தேடினார்கள் போலும். பெயரில் வைத்தவர்கள் உண்டு, குழலில் வைத்தவர்கள் உண்டு.

சம்ஸ்கிருதப் பெயர்களைப் பேசும்போது ஷ்பாங்கிளின் மீது எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் இசையில் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த குரல்களும் தாளங்களும் கலந்திருக்கின்றன. பாடியவர் யார், அந்தப் பாட்டு எந்த மக்களுடையது என்பது கேட்கிறவருக்குத் தெரியவருவதில்லை. வண்ணத்துக்காக வைத்த கண்ணாடித் துண்டுபோல அவை மின்னிவிட்டுப் போய்விடும். ராஜா ராமின் மூச்சை இவ்வளவு பரிவோடு பேணிய அதே கலவை மேசை, அந்தப் பெயரற்ற பாடகரின் மூச்சை வெட்டிச் சுழலவிடத் தயங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் ‘ட்விஸ்டட்’ கடனில்லாத ஆல்பம். அதன் பெரும்பகுதி சிந்தசைசரின் வயிற்றிலிருந்தே வந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘எல்எஸ்டி’ என்றும், முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘டிஎம்டி’ என்று வரும் ‘டிவைன் மொமென்ட்ஸ் ஆஃப் ட்ரூத்’ என்றும் இரண்டு ஆல்பங்களின் பாடல்களும் போதைப்பொருள்களைப் பெயராகச் சூடியிருப்பது உண்மை. அதை மழுப்ப வேண்டியதில்லை. அவை நம் நாட்டில் சட்டம் தடைசெய்தவை, உயிரைக் குலைக்கவும் வல்லவை. ஒரு குழலின் ‘ஃப்’ ஒலியைக் கேட்க அவை எதுவும் தேவையில்லை என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அமைதியான அறையும் நல்ல ஹெட்போனும் போதும்.

‘ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?’டின் கடைசிப் பாடல் இருபது நிமிடத்தைத் தொடுகிறது. ‘அண்ட் த டே டர்ன்ட் டு நைட்’, பகல் இரவானது என்று பெயர். இருவரும் இந்தியாவில் சேர்ந்து பார்த்த முழுச் சூரிய கிரகணம்தான் அதற்கு விதை. 1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள் காலை, ராஜஸ்தானிலிருந்து வங்காளம்வரை ஒரு மெல்லிய கோட்டில் நிழல் விழுந்த அந்தக் கிரகணம். தமிழ்நாட்டில் அது பகுதிக் கிரகணம். முந்தின நாள் வெடித்த வெடியின் குப்பை வாசலில் கிடக்க, வெயில் மட்டும் நிறம் மங்கியது. அந்தக் கோட்டுக்குள் நின்றவர்களுக்குப் பட்டப்பகலில் இருள் கவிந்தது. கோட்டின் மேற்கில் ஒரு நிமிடம்கூட முழுதாக நிற்காத இருட்டு, கிழக்கே வங்காளத்தில் அதற்குச் சற்றே கூடுதலாக நின்றது.

அந்தச் சின்ன இருட்டைத்தான் இருவரும் இருபது நிமிடமாக விரித்திருக்கிறார்கள். ஒரு தனியாள் இதைச் செய்திருந்தால் இருட்டு வந்து கவிகிற கணத்தை உச்சமாக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ‘ட்விஸ்டட்’ ஏறி ஏறிப் போகிற இசை, அதற்கு உச்சி வேண்டும். இங்கே இருட்டு எப்போது கவிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. தாளம் வருகிறது, நெடுநேரம் கூடவே நடக்கிறது, பிறகு விலகிக்கொள்கிறது. விலகிய பின்னும் பாடல் முடிவதாயில்லை. பக்கத்தில் நிற்பவரும் இதைப் பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கிற நேரம் அது. குழல் ஒரு தடவை மூச்சு வாங்குகிறது, மறுபடி ஊதத் தொடங்குகிறது.